பால் என்று நினைத்த வெள்ளை

எங்கள் மூத்த மகன் பிறந்து நாற்பது நாள் இருக்கும். அவன் பால் குடிக்க வாய் வைத்தாலே மிளகாய் அரைத்துத் தடவியதுபோல மார்பு எரியும். காம்பெல்லாம் வெடித்திருந்தது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவன் நாக்கில் படிந்திருந்த வெள்ளையைப் பால் என்றே நினைத்தேன்.

ஒருநாள் அவன் குடிப்பதும், உடனே விட்டுவிட்டு வீரிடுவதுமாக இருந்தான். வலி பொறுக்காமல் அவன் தொடையில் அடித்துவிட்டேன். தொடை சிவந்துபோனது. பயந்துபோய் அவனைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நர்ஸம்மா அவன் வாயைத் திறந்து பார்த்தார். என் மார்பையும் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இது பாலு இல்லத்தா, பூஞ்சைப் புண்ணு. ஒங்களுக்கும் அதேதான். ஒங்களுக்கு எரியிற மாதிரித்தானே பிள்ளைக்கும் எரியும்? இத்தனை நாளா ஏன் வராம இருந்தீக?"

பிறகு தொடையைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"எறும்பு கடிச்சிருச்சு" என்று பொய் சொன்னேன்.

இருவருக்கும் ஊதா மருந்து தடவச் சொன்னார். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் நான் அடித்ததை என் கணவரிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது கையில் இரண்டாவது குழந்தை, மகள். அவள் குடிக்காமல் அழுதால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதலில் வாயைப் பார்க்கிறேன். எனக்கு வலித்தால் வெட்கப்படாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன்.

– ஒரு வாசகி, காரைக்குடி