புங்க எண்ணெய் குடித்த எஞ்சின்

கிணற்றுக்கு எஞ்சின் வாங்கிய வருஷம் எங்கள் வீட்டுக்காரர் தரையில் கால் பாவாமல் நடந்தார். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிறவர்கள் சுற்றுவழியில் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுத்தான் அதை வாங்கியிருந்தோம். மாமனாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மாடு புல்லத் தின்னும். இது எதத் தின்னும்?" என்று கேட்டார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, யுத்தம் வந்தது, எஞ்சினுக்கு ஊற்றும் குரூடாயில் வருவது நின்றது. சீமெண்ணெய் வீட்டு விளக்குக்கே கிடைக்கவில்லை. இடுப்பளவு வளர்ந்த கரும்பு சித்திரை வெயிலில் சருகாகத் தொடங்கியது. கிணறு நிறையத் தண்ணீர், மேலே ஏற்ற வழியில்லை. இதைவிடக் கொடுமை உண்டா? மாமனார் தர்மபுரிக்குப் போய் ஒரு மில்காரரிடம் பேசிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மில்காரர் வந்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு போவார், பதிலுக்கு நாங்கள் மாடு பிடித்துக்கொள்ளலாம். "அதுக்குள்ள ஓட்டிக் காட்டுனா இருக்கட்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

புங்க எண்ணெயிலும் இந்த எஞ்சின் ஓடும் என்று இவர் எங்கோ கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஏரிக்கரை முழுக்கப் புங்கமரம்தான், காய்கள் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும். வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடையோடு இறங்கினோம். ஆனால் செக்குக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் கசப்ப ஒரு தடவ ஆட்டுனா, அப்புறம் என் நல்லெண்ணெய எவன் வாங்குவானுங்க?" அவர் சொன்னதும் நியாயம்தான். போகட்டும், விளக்கெண்ணெய் காய்ச்சத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வித்தையா? பருப்பை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டேன். மேலே மிதந்த எண்ணெயை வழித்து, ஈரம் போகும்வரை மறுபடி காய்ச்சினேன். நாற்றம் ஊரைத் தூக்கியது. மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை எட்டி உட்காரச் சொன்னார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் எஞ்சினின் மண்டையைக் கரிநெருப்பால் சூடாக்கி, இவர் சக்கரத்தைச் சுற்றினார். எஞ்சின் உறுமியது, தும்மியது, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அடங்கிப்போனது. எத்தனை சுற்றியும் அதே கதைதான். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விளக்குக்காவது ஆகட்டும் என்று டாங்கியில் இருந்த எண்ணெயை வீட்டுக்கு எடுத்து வந்தோம். பொழுது சாய்ந்ததும் அதை அகலில் ஊற்றிப் பற்றவைத்தேன். திரி சடசடவென்று பொரிந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய்தான் அப்படிப் பொரியும். நான் ஈரம் போகத்தானே காய்ச்சினேன்? பானையில் மிச்சமிருந்த எண்ணெயை இன்னொரு அகலில் ஊற்றி ஏற்றினேன். அது சத்தமே இல்லாமல் நின்று எரிந்தது. அப்படியென்றால் டாங்கியில்தான் ஏதோ சேர்ந்திருக்கிறது.

"அத்த, டாங்கிப் பக்கம் யாராச்சும் போனாங்களா?" என்று மாமியாரைக் கேட்டேன்.

"நாந்தான் போனேன். புது எண்ணெய் ஊத்தி மொதமொதல்ல ஓட்டறாங்க. ஒரு சொம்பு பால் ஊத்தாம எப்படி கண்ணு ஆரம்பிக்கறது?"

புற்றுக்குப் பால் ஊற்றிப் பழகிய கை, எஞ்சினுக்கும் ஊற்றிவிட்டது. பால் எண்ணெய்க்கு அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் கிளம்புகிறது. பாவம், அது தும்மாமல் என்ன செய்யும்? விஷயத்தைச் சொன்னால் இவர் எகிறுவார் என்று பயந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மனுஷர்.

மறுநாள் காலையில் மில்காரர் வண்டியும் கயிறுமாக வந்து நின்றார். இவர் கழுவிக் காயவைத்த டாங்கியில் பானை எண்ணெயை ஊற்றி, சக்கரத்தைச் சுற்றினார். ஒரு செருமல். பிறகு டப், டப், டப் என்று பிடித்துக்கொண்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமனார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடினார். மில்காரர் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டு, வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டார்.

டாங்கியில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தது. அது தீர்வதற்குள் கரும்பு முழுக்க நனைய வேண்டுமே என்று டாங்கியையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போது தோட்டத்துக் கோடியிலிருந்து மாமனார் குரல் கேட்டது. "கடைசிப் பாத்திக்கும் வந்திருச்சு டோய்!"

எஞ்சின் பக்கத்தில் நின்ற இவருக்கு அது கேட்கவில்லை. நான் ஓடிப்போய், கூடியிருந்த அத்தனை பேரும் பார்க்க, இவர் காதருகே வாயை வைத்து, "கடைசிப் பாத்தி நனஞ்சிருச்சுங்க!" என்று கத்தினேன். நாலு பேர் முன்னால் புருஷனிடம் வாய் திறக்காத காலம் அது. கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. திரும்பினால் மாமியார் நிற்கிறார்.

"இந்த எரைச்சல்ல அவனுக்கு எங்க கேக்கும்? இன்னும் ஓங்கிச் சொல்லு கண்ணு!"