கோயில் என்று சொல்லிக் கட்டிய பள்ளிக்கூடம்

"ஒரு மழைக்குத் தாங்குமா தாயி உன் பள்ளிக்கூடம்?" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி என்னிடம் கேட்டார். பதுளையில் படிப்பை முடித்து, பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கே எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன் என்று நான் வந்து நின்ற நாள் அது. அண்ணன் அவர்கள் எனக்கு முந்திக்கொண்டு, "தாங்குங்க. தாங்காட்டி நான் திருப்பிக் கட்டுறேங்க" என்றார். கங்காணி சிரித்தார். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் மறைந்த முப்பதாம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் அன்பர்களும், நான் அண்ணனைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். புகழ வேண்டியது நிறைய உண்டு. ஆனால் அவரோடு போட்ட சண்டைகளை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது திருச்சிச் சீமையில், துறையூர்ப் பக்கம். கைக்குழந்தையாக இலங்கைக்குக் கப்பலேறி, அம்மாவின் இடுப்பில் மலையேறி, ஹாலிஎலவுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்துக்கு வந்தார். நான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அப்பா காய்ச்சலில் போனபோது அண்ணனுக்குப் பத்து வயது. மறுநாளே விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று, சிறுவர்களுக்குப் போடும் அரைப் பேருக்கு, அரைக் கூலிக்கு, வேலை செய்தார். பிறகு தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார். அம்மாவும் போன பின், என்னைப் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் வீட்டில் கொண்டுபோய் விட்டு, "இது கொழுந்து எடுக்க வேணாங்க, படிக்கட்டும்" என்றாராம். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்தறிந்தவள் நான். அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். அதில் பாதி அவருடையது.

லயத்துக்குக் கீழே, மானாப்புல் வேய்ந்த கொட்டகையில் வகுப்புத் தொடங்கினேன். மேல் லயம், கடைசி லயம் என்று சாதி பாராமல் பிள்ளைகள் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். ஐப்பசி அடைமழையில் மேட்டு மண் சரிந்து கொட்டகையைத் தள்ளிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உயிர்கள் தப்பின. கங்காணி சொன்னது பலித்ததே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது, அதைச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் கேளுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"சட்டம் பதுளையில இருக்கு தங்கச்சி. இங்க துரைதான் இருக்காரு" என்றார் அண்ணன்.

இரண்டு நாளில் தகரமும் மரமும் வந்து இறங்கின. எப்படி என்று கேட்டேன். பெரிய கங்காணி மூலமாகக் 'கோயிலுக்கு' என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

"பள்ளிக்கூடம்னா துரை வெரட்டுவாரு. கோயிலுன்னா கொடுப்பாரு. பேரு எதுவா இருந்தா என்ன? கூரை கூரைதானே, வாத்தியாரம்மா?"

கோபம் வந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்குக் கோபம் வந்தாலும் அப்படியே.

துரையிடம் சொன்னதை ஜனங்களிடமும் சொல்லிவிட்டார். கோயில் வேலை என்றால்தான் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வருமாம். வந்தார்கள். கட்டி முடித்தார்கள். முடித்த அன்றே பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு வந்து ஒரு கல்லை நட்டு, சூலத்தைச் செருகி, பொங்கலும் வைத்துவிட்டார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் அம்மன்!

முதலில் வெள்ளிக்கிழமை வகுப்பு நின்றது. பிறகு பிள்ளைகள் உள்ளே ரொட்டி தின்னக்கூடாது என்றார்கள். மழையில் நனைந்தபடி தின்றார்கள். கடைசியில் பூசாரி வாசலில் நின்று, கடைசி லயத்துப் பிள்ளைகளை உள்ளே விட முடியாது என்றார்.

"நேத்து வரைக்கும் இங்கதானே உக்காந்து படிச்சாங்க?" என்றேன்.

"பள்ளிக்கூடமுன்னா வரட்டும்மா, யாரு வேணாங்கறா? இது கோயிலு. உங்க அண்ணன் வாயாலதானே கேட்டோம்?"

அண்ணன் அங்கேயே நின்றார். நான் கரும்பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். எல்லாப் பிள்ளைகளும் வர முடியாத இடம் எனக்கு வேண்டாம். அதன் பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், இரண்டு நிறுவைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் பாடம் நடந்தது. தராசுக்காரர் கத்தும் சத்தத்தில் வாய்ப்பாடு யாருக்குக் கேட்கும்?

நான்காம் நாள் சாயங்காலம், அண்ணன் லயத்தின் கோடியில் தாம் கறிக்குப் போட்டிருந்த போஞ்சித் தோட்டத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"அஸ்திவாரம்."

கடைசி லயத்து ஆட்கள் நாலு பேர் துணைக்கு வந்தார்கள். கவ்வாத்து முடிந்து வந்த கையோடு ஓடையிலிருந்து கல் சுமந்தார். சுவர் எழுந்தது. கூரைக்கு என்ன செய்வது? துரையிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் படாத பாடு பட்டேன். சொன்னால் கோயில் கதை வெளியே வரும், தம் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். "அப்புறம் நீ எங்க தங்கச்சி நிப்ப?" என்பார். மார்கழி மழையில் கல் சுமக்காதீர்கள் என்றும் சொன்னேன். அதையும் கேட்கவில்லை. சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. தோட்டத்து மருந்துச்சாலையில் மூச்சு வாங்கும்போதும், "சுவரு மேல சாக்குப் போட்டீங்களா? மண்ணு கரைஞ்சிரும்" என்றார்.

"சுவரை விடுங்கண்ணே, கஞ்சியைக் குடிங்க" என்றேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியதும் ஓர் அதட்டல்தான்.

எனக்குச் சோறும் இடமும் தந்து படிக்க வைத்த துணிக்கடைக் குடும்பத்தார் இம்மலரையும் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். மருந்துச்சாலை ஐயா இரண்டு இரவு கண் விழித்தார். கல் சுமந்த கடைசி லயத்து அண்ணன்மார் நால்வரும் பாடைக்கும் தோள் கொடுத்தார்கள். அதற்கு முகம் சுளித்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உதவியவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். எங்கள் குடும்பம் என்று இனி நான் ஒருத்திதான்.

சென்ற திங்கட்கிழமை, கங்காணியைத் துணைக்கு அழைக்காமல் துரை உட்காரும் தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். துரையிடம், முன்பு தந்த தகரம் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்டது, கோயில் என்று சொன்னது என் அண்ணன், அவர் பேரை இனி யாரும் வெட்ட முடியாது, வெட்டுவதானால் என் பேரை வெட்டுங்கள் என்று சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "யோசிச்சு சொல்றது. போ" என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் மடுவத்தை விட்டு எல்லாப் பிள்ளைகளையும் அண்ணன் கட்டிய சுவருக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். மழை வந்தால் சாக்கைச் சுவருக்குப் போடுவதா, பிள்ளைகளுக்குப் போடுவதா என்பதுதான் இப்போது எங்களுக்குள் வழக்கு. வாசல் நிலையில் கரித்துண்டால் 'பள்ளிக்கூடம்' என்று பெரிதாக எழுதிவிட்டேன்.