கானோவா, நைரோபியா

சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டால் முதலில் கழுத்துதான் அரிக்கும், பிறகு முழங்கை மடிப்பில் ஊசி ஊசியாகக் குத்தும், அதற்கும் பிறகு முதுகில் வியர்வை கோடாக இறங்கிக் கம்பளி நனைந்து, மழையில் நின்ற ஆட்டின் வாடை ஒன்று மெல்ல மூக்கில் ஏறும். ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் கிரேஸ் அக்காவும் அப்படி இரண்டு சிவப்புக் கம்பளிச் சட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றோம். அம்மா எங்களைச் சுற்றி வந்து தோள்பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் லூசா இருக்கறதுதான் நல்லது, அங்க போயி வளருவீங்க இல்ல" என்றாள். அதே வாரம் மெட்ராசுக்குப் போய் வந்த அப்பா எங்களுக்கு வாங்கிவந்ததோ வெயிலுக்குப் போடும் வெள்ளைத் துணித் தொப்பிகள். அம்மா மனதில் இருந்த ஊர் நைரோபி, குளிர். அப்பா மனதில் இருந்த ஊர் கானோ, வெயில். எங்கள் மனதில் எந்த ஊர் இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் "பினிஷிங்" பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதப்படுத்திய தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றுகிற வேலை. அந்த வேலை தெரிந்தவர்களை ஆப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்கிய டேனரிகள் தேடிக்கொண்டிருந்த காலம் என்பதால், வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தெருவுக்கு ஒருவராவது கப்பலையோ விமானத்தையோ பற்றிப் பேசினார். அப்பாவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன, ஒன்று நைஜீரியாவில் கானோ, இன்னொன்று கென்யாவில் நைரோபி. இரண்டு இடத்திலும் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள், வீடு தருவதாகச் சொன்னார்கள், வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் எங்களையும் சேர்க்கலாம் என்றார்கள். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கிளம்பவேண்டியவள். அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, பிள்ளைங்க படிப்பு எந்த ஊர்ல நல்லா இருக்கும்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. அந்த ஊருக்கு நான் வர்றேன்."

விசாரிப்பதுதான் எங்கள் வீட்டில் அந்தக் கோடையின் வேலையாகிப்போனது. அப்பாவின் "தோஸ்த்" ரஹீம் மாமா கானோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவரையும் நசீமா மாமியையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்து மாமா சொன்ன கானோவில் எல்லாமே இருந்தது. "நம்ம ஊரு மாதிரிதான் சாமு. வெயிலு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரே நம்ம பக்கத்து ஆளு. பசங்க இங்கிலீஷ் பேசறதக் கேட்டா அசந்துடுவே" என்றார். எனக்கு அப்போதே கிளம்பிவிடலாம் போல இருந்தது. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே நசீமா மாமி அம்மாவிடம் தாழ்ந்த குரலில் வேறொரு கானோவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலைவனப் புழுதிக் காற்று மாதக்கணக்கில் வீசுமாம், மாமியின் மகன் இருமி இருமி மார்பு வலிக்கிறது என்று அழுவானாம், வாத்தியார்கள் வருவதும் தெரியாதாம் போவதும் தெரியாதாம். "ஒரே பேஜாரு அக்கா. அதுவும் எட்டாவதோட சரி. அதுக்கு மேல படிக்கணும்னா ஊருக்குத்தான் அனுப்பணும். அதான் நான் பசங்களக் கூட்டிக்கினு வந்துட்டேன்."

நான் சொம்போடு கூடத்துக்கு வந்தேன். மாமா இன்னும் அந்தப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்துவிட்டு வந்த இரண்டு பேர் எப்படி இரண்டு ஊரில் இருந்திருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அப்போது ஐந்தாவது முடித்திருந்தேன், பெரியவர்கள் சொல்வதில் ஒன்று உண்மையாக இருந்தால் மற்றது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று நம்புகிற வயது. தெருவில் தோழிகளிடம் ஒரு நாள் கானோவுக்குப் போகிறோம் என்றேன், மறுநாள் நைரோபி என்றேன். இரண்டுமே ஒரே ஊரின் பெயர்தானா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நைரோபியைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரின் மனைவி, எல்லோரும் "துரைசானியம்மா" என்போம். முன்பு நைரோபியில் ஆசிரியையாக இருந்தவர், தமிழ் நிதானமாகவும் சுத்தமாகவும் பேசுவார். அங்கே பள்ளியில் சேர்வதற்கு ஒரு சோதனை வைப்பார்களாம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், எப்படி என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அக்காவும் நானும் தமிழ் மீடியம்தான். ஆனால் அக்கா ஒன்பதாவது முடித்தவள், ஆங்கில வேதாகமத்தை அப்பாவோடு சேர்ந்து வாசித்து வாசித்து நன்றாகப் படிப்பாள், இலக்கணத்தில் தப்பு வராது. அவள் தேறிவிடுவாள், நான்தான் மானத்தை வாங்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே வழியெல்லாம் நடந்தேன். துரைசானியம்மா அக்காவை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், கேள்விகள் கேட்டார், அக்கா முழு முழு வாக்கியமாகப் பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். பள்ளிக்கூடம் என்ற சொல்லும், பிறகு என்ற சொல்லும் மட்டும் காதில் பிடிபட்டன. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு என்ன என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "ஹவுஸ்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார்.

எங்களை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவோடு வெகுநேரம் பேசினார். வெளியே வந்த அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டில் அப்பா கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சின்னவளுக்கு ஒரு கவலையும் இல்லையாம், இந்த வயதில் ஆறு மாதத்தில் பாஷை வந்துவிடுமாம், எந்த ஊரானாலும் சேர்த்துவிடலாமாம். பெரியவளுக்குத்தான் கஷ்டமாம். அடுத்த வருடம் இங்கே பெரிய பரீட்சை. அங்கே போனால் பாடமே வேறு, அவள் கண்ணால் பார்த்திராத சரித்திரமும் பிரெஞ்சும் படிக்கவேண்டும், இரண்டு வகுப்பு கீழே உட்காரவேண்டும். அவளை வேலூரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது என்று துரைசானியம்மா அன்போடுதான் சொல்லியிருக்கிறார்.

"தெரியாதவ வரலாம், தெரிஞ்சவ வரக் கூடாதுன்னா இது இன்னா கணக்குங்க?" என்றாள் அம்மா.

கானோவில் அக்காவுக்கு வகுப்பே கிடையாது. நைரோபியில் வகுப்பு இருக்கிறது, ஆனால் அவள் இருக்கவேண்டிய வகுப்பு இல்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். அப்பா நைரோபி என்று மாறியிருப்பார், அதற்குள் அம்மா கானோ என்று மாறியிருப்பாள். லீவுக்குக் கிரேஸ் வந்துபோக எந்த ஊர் சுலபம், இங்கே இருக்கும்போது அவளை யார் போய்ப் பார்ப்பார்கள், வேலூரில் ஹாஸ்டல் நல்லதா, காட்பாடியில் சித்தி வீடு நல்லதா என்று பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பும். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்குச் சம்மதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு நாள் அவள் எழுந்திருக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடியே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"என்னை விட்டுட்டுப் போறதுக்கு ரெண்டு ஊர்ல எது நல்ல ஊருன்னுதான் இவ்ளோ நாளா பாத்துக்கினு இருக்கீங்களாப்பா?"

குரல் உயரவில்லை, அழவும் இல்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். அப்பா வாயில் வைக்கப்போன கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். அம்மா எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் நின்றாள்.

மறுநாள் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது வெள்ளைப் புடவையை மடித்துச் செருகிக்கொண்டே அம்மா அப்பாவிடம், "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நாங்க மூணு பேரும் இங்கயே இருக்கறோம்" என்றாள். அப்பா சரி என்றார். பிள்ளைகள் வரவில்லை என்றானதும் பள்ளிக்கூடப் பேச்சும் நின்றுபோய்விட்டது, ரஹீம் மாமா துணைக்கு இருக்கிறார் என்பதால் கானோ என்று ஒரே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. ஒரு கோடை முழுவதும் முடியாமல் இழுத்த காரியம், அதற்கான காரணம் இல்லாமல் போனதும் அத்தனை சீக்கிரம் முடிந்ததை நான் ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மேல் கோபமாக வந்தது, அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அப்பா ரயிலேறிய அன்று அழுதேன். அப்பா போகிறார் என்று அழுதேனா, நான் போகவில்லை என்று அழுதேனா என்பது எனக்கே தெரியவில்லை.

முதல் விடுமுறைக்கு அப்பா வந்தபோது கறுத்து, மெலிந்து, சிரிப்பு மட்டும் மாறாமல் இருந்தார். நாங்கள் சேராமல்போன அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு ரஹீம் மாமாவும் அவரும் போவார்களாம், இருவருக்கும் அங்கே பிள்ளை இல்லை என்றாலும் வேலியோரம் நின்று, ஓடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் கை தட்டிவிட்டு வருவார்களாம். அப்பா அதைச் சொல்லும்போது அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்ல ஸ்கூலாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு, "உங்களுக்கு நல்லா இருந்திருக்குமான்னு தெரியலம்மா" என்றார்.

சில வருடங்களில் அவர் திரும்பி வந்துவிட்டார், ஊரிலேயே வேறொரு டேனரியில் சேர்ந்தார். அக்கா அந்தப் பரீட்சையில் நன்றாகத் தேறி, படித்து, வேலூரில் கல்லூரி ஆசிரியை ஆனாள். நான் வங்கியில் வேலைக்குப் போனேன், பள்ளிகொண்டாவிலும் குடியாத்தத்திலும் இருந்தேன், கடல் தாண்டவே இல்லை. அப்பா வேலை பார்த்த இடம் இப்போது கல்யாண மண்டபம். துரைசானியம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் வீட்டை இடித்து ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ரஹீம் மாமா இல்லை, அம்மாவும் அப்பாவும் இல்லை. ஓர் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒருவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து, அவர் கூடத்தில் சொல்வதையும் அவர் மனைவி சமையலறையில் சொல்வதையும் கேட்டுக் குழம்புகிற வழக்கமும் இல்லை.

போன மாதம் அக்காவின் மகன் தோஹாவிலிருந்து பேசினான். அவனுக்குக் கோலாலம்பூரில் ஒரு வேலை வருகிறதாம், மகளின் பள்ளிக்காக இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறானாம். பள்ளிகளின் படங்கள் ஒவ்வொன்றாக அக்காவின் கைபேசியில் வந்து விழுந்தன, எல்லாவற்றிலும் நீச்சல் குளம் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ பேசு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் தன் மகளிடம், சின்னப் பாட்டி கூட உன் வயசில் இப்படித்தான் வெளிநாட்டுக்குக் கிளம்பினாங்க என்று சொல்லிப் பேசச் சொன்னான். குழந்தை திரையில் வந்து நின்றாள்.

"நீங்க எந்த ஊருக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகலம்மா, இங்கயேதான் இருந்துட்டோம்" என்றேன்.

"அது நல்லா இருந்துச்சா?" என்றாள்.

அக்கா உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். குழந்தை பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் கைபேசியோடு எழுந்து அக்கா இருந்த அறைக்குப் போனேன்.