சுறாப்புட்டும் வால்டரின் கையும்

ராயபுரத்தில் வால்டரைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் சிரிப்பைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். மேலே கேபினில் உட்கார்ந்து அவர் சிரித்தால் கீழே கப்பல் தளத்தில் நிற்பவனுக்குக் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவர் மனைவி ஹில்டா அதை அப்படியே நம்பினாள். காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடை வைத்து மீன் விற்கிறவள். எதற்கும் பேரம் பேசுவாள், புருஷனின் சிரிப்புக்கு மட்டும் பேச மாட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் பயணம் கிளம்பினாலும் வால்டர் வலது கைக் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார். ஒரே மகன் ஜெரி கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து தலையைக் குனிவான். அந்த விரல் படாமல் அவன் கடலுக்குப் போனதே இல்லை, கல்யாணச் சண்டை வரும்வரை.

ஜெரி வியாசர்பாடிப் பெண் மகிழினியை விரும்பினான். அவள் வீட்டுச் சுவரில் புத்தர், இவர்கள் வீட்டுச் சுவரில் மாதா. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வாசலில் வந்து நின்றபோது வால்டர் கத்தினார். "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத, போடா!"

கத்தியது ஒரு நிமிடம். வருத்தப்பட்டதோ தினம் தினம். வருத்தப்படுகிற ஆம்பிளைகள் போனை எடுத்து அதை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஹில்டாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நோய் அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்திருந்தது. அவள் கூடையோடு உள்ளே நுழைந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்கிறவர், ஒரு கட்டத்தில் அதை நிறுத்திவிட்டார். வாசனையே தெரியவில்லை என்றார். மீன்காரியைக் கட்டிக்கொண்டவனுக்கு இது வரம்தான் என்று அவளும் சிரித்துவிட்டுப் போனாள். மகன் போன பிறகு வலது கை லேசாக ஆடியது. நடை தேய்ந்தது, குரல் இறங்கியது. கடைசியில் முகம் இறுகிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அது வேலை செய்யும்போது பழைய வால்டர் எழுந்து வருவார். இறங்கிவிட்டால் மரக்கட்டை.

சாப்பாட்டுக்கு முன்பு போட வேண்டிய மாத்திரை. ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் அவருக்குக் குமட்டியது. ஹில்டா இதைப் பக்கத்துக் கூடைக்காரி சிலுவையம்மாளிடம் சொன்னாள்.

"பவரு மாத்திர ஹில்டா, வெறும் வவுத்துல குட்த்தா கொடலு வெந்துடும்," என்றாள் சிலுவையம்மாள். "நல்லா மீனு வச்சு சோறு போட்டு அதோட குடு. நரம்பு தளந்து கீது மன்சனுக்கு, சுறாப்புட்டு பண்ணிப் போடு."

மீன்காரி வீட்டில் மீனுக்கா பஞ்சம்? அன்றிலிருந்து மதியச் சோற்றில் சுறா, சுறா இல்லையென்றால் இறால், கூடவே மாத்திரை. சில நாள் மாத்திரை வேலை செய்தது, சில நாள் செய்யவில்லை. செய்யாத நாட்களில் அவள் இன்னும் ஒரு கை புட்டு அள்ளி வைத்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடந்து மீன் அருகிப்போன மாதங்களில், அவர் நன்றாக இருந்தார். வெயில் ஒத்துக்கொள்கிறது என்று நினைத்தாள். அந்த நாட்களில்தான் அவர் சிரிப்பதை வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினாள்.

வீடியோவைப் பார்த்து மகிழினிதான் முதலில் இளகினாள். தடைக்காலம் முடிந்த பிறகு போன் வந்தது: ஜெரி மறுபடி கப்பலேறுவதற்கு முந்தின நாள் மதியம், தங்களுக்குப் பிறந்த குழந்தை ரமாபாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். அந்த நாள் வால்டர் காலையிலேயே சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"பாப்பாவுக்கு சிலுவ போடணும்மே," என்றார். "கை ஆடக் கூடாது."

"ஆடாது. வவுறு நெறய துன்னுட்டு மாத்திரையப் போடு, தெம்பா இருப்ப." மகன் வருகிற நாள் என்று அன்றைக்குச் சந்தையிலேயே நல்ல சுறாவாகப் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு மறு தடவையும் போட்டாள்.

அவர்கள் வந்தபோது வால்டர் நாற்காலியில் இருந்தார். ஜெரி குழந்தையோடு முன்னால் மண்டியிட்டான். "நைனா, பாப்பா பாரு. சிலுவ போடு நைனா, நாளிக்கி நான் கப்பலேறணும்."

வால்டரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கண் கொட்டவில்லை. கை நாற்காலிப் பிடியிலேயே கிடந்தது. உதடு லேசாகப் பிரிந்தது, சத்தம் வரவில்லை. ஜெரி காத்திருந்தான். குழந்தை அந்த இறுகிய முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

ஜெரி எழுந்துவிட்டான். "இன்னும் கோவம் போவல இல்ல?"

"ஒடம்பு முடியலடா அவருக்கு," என்று ஹில்டா குறுக்கே வந்தாள்.

"நீ அனுப்ச்ச வீடியோல அப்டி சிரிச்சாரு! எங்களப் பாத்தா மட்டும் ஒடம்பு முடியலயா? என்ன வுடும்மா, கொயந்த இன்னா பண்ணுச்சு?"

அவர்கள் போய் வெகுநேரம் கழித்து மாத்திரை ஏறியது. வால்டர் தானே எழுந்து, தானே நடந்து வாசலுக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஜெரி எங்கமே?" என்று கேட்டார். ஹில்டா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எதற்கோ, மாத்திரையை எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஹில்டா பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மூளைக்குள்ள ஒரு சின்ன இடம் டோபமின்னு ஒண்ணைச் சுரக்குதும்மா," என்றார்.

"போன்ல ரீல்ஸ் பாத்தா சுரக்கும்னு பசங்க பேசுவானுங்களே, அதுவா?"

"அதேதான். ஆனா ஆசைப்பட வைக்கிறது மட்டும் அதோட வேலை இல்லை. தூக்கணும்னு மனசு நினைச்சா, கை தூக்குறதுக்கு அது வேணும். உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டா, அது முகத்துக்கு வர்றதுக்கும் அது வேணும். இவருக்கு அதைச் சுரக்கிற செல்கள்ல பாதிக்கு மேல அழிஞ்சுபோச்சு. டோபமினையே மாத்திரையா கொடுத்தா அது மூளைக்குள்ள நுழையாது. அதனால கச்சாப்பொருளைக் கொடுக்கிறோம், மூளை அதை வச்சு டோபமின் செஞ்சுக்கும். அந்தக் கச்சாப்பொருள் குடல்ல இருந்து போகிற வாசல் வழியாத்தான் மீனோட சத்தும் போகணும். ரெண்டும் ஒண்ணா வந்தா நெரிசல்ல மருந்து நின்னுடும்."

வால்டர் மெதுவாக வாயைத் திறந்தார். "ஆர்பர் கேட்டு மாறி. மீன் லாரியெல்லாம் முன்னாடி பூந்துகிச்சு. என் வண்டி எண்ணூர் ரோட்லயே நின்னுகினு கீது."

"அப்ப அன்னிக்கி," என்று ஹில்டா தொடங்கினாள். "அன்னிக்கி புள்ள மண்டி போட்டு நின்னப்ப, இவரு உள்ள..."

"உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருந்திருப்பாரும்மா," என்றார் டாக்டரம்மா. "நீங்க தெரிஞ்சு செய்யலை."

தெரிந்து செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. பார்த்துப் பார்த்துச் செய்த கை. பாசத்தைச் சட்டியில் வைத்துக் கிண்டி, அதையே புருஷன் கைக்கு விலங்காக மாட்டியிருக்கிறாள்.

அன்றே போனில் அழுதுகொண்டே ஜெரிக்குப் பேசிப் பதிந்து அனுப்பினாள். கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகத்தில் அதைக் கேட்டுவிட்டு அவனும் அழுதான். திரும்பி வந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன் என்றான். மகிழினியும், "அவரு கப்பல்லேந்து வரட்டும் அத்தே, சேந்தே வர்றோம்," என்றாள். ஹில்டாவுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

மீன் இரவுக்குப் போனது. மதியம் முதலில் ஒரு பிஸ்கட்டோடு மாத்திரை, வெகுநேரம் கழித்து ரசம் சோறு. வால்டருக்குத் தினமும் கொஞ்ச நேரம் கை திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில் ஹில்டாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் நெற்றியில் சிலுவை போட்டுப் பழகுவார். "கோணலா வந்துச்சாமே?" என்பார். கோணலாகத்தான் வரும். "நேராத்தான் கீது," என்பாள் அவள். முகம் முழுக்கச் சிரிப்பார்.

மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. விழுங்குவதற்கும் அந்தப் பாழாய்ப்போன டோபமின்தான் வேண்டுமாம். சாப்பாடு வழி தவறி நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஒரு மதியம், பிஸ்கட் கொடுக்கிற நேரத்துக்குச் சற்று முன்பு, வீட்டுக் கட்டிலிலேயே வால்டர் போய்விட்டார். ஜெரி எந்தக் கடலிலோ இருந்தான்.

சேதி கேட்டதும் மகிழினி வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ பிடித்து, நனைந்துகொண்டே வந்தாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு நேரே கட்டிலுக்கு வந்தாள். குழந்தையைத் தூக்கி, வால்டரின் பக்கத்தில் குனிந்து நின்றாள்.

ஹில்டா அவர் வலது கையைப் பிடித்தாள். இத்தனை வருடம் எண்ணெய் தேய்த்து, பிடித்துவிட்டு, மடக்கி நீட்டிப் பார்த்த கை. எப்போதும் உள்ளிருந்து யாரோ எதிர்த்து இழுப்பது போல இருக்கும். இப்போது எந்த இறுக்கமும் இல்லை. தூக்கினால் வந்தது. கட்டைவிரலை ரமாபாயின் நெற்றியில் வைத்து, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் இழுத்தாள். கொஞ்சமும் கோணவில்லை. குழந்தை அழவில்லை.

கையை அவர் நெஞ்சின் மேல் திரும்ப வைக்க ஹில்டாவுக்கு மனம் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இப்ப வர்றியே, இவ்ளோ லேசா வர்றியே. அன்னிக்கி வந்திருக்கக் கூடாதா?"