சினை ஆட்டின் மேல் விழுந்து கிடந்தேன்

முந்தின ஈத்தில் எங்கள் செம்மறிகளுக்குப் பால் கழுநீர் மாதிரி வந்தது. குட்டிகள் காம்பைச் சப்பிச் சப்பி ஓய்ந்து, கால் தள்ளாடிச் செத்தன. ஒரே வாரத்தில் ஏழு குழி தோண்டினேன்.

அடுத்த தடவை ஆடுகள் சினை பிடித்ததும் கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். தாது உப்பும் வைட்டமினும் கலந்த பொடியைத் தவிட்டில் பிசைந்து வைக்கச் சொன்னார். "செம்மறிக்குன்னே கேட்டு வாங்குங்க. மாட்டுப் பொடியில தாமிரம் அதிகம், ஈரல் கெட்டுடும்."

என் வூட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஆடுகள் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. நான் பொடி பிசைவதைப் பார்த்ததும் அந்த அண்ணன் தவிட்டுச் சட்டியை எட்டி உதைத்தார். "எங்கப்பன் காலத்துல ஆடுங்க பொடி தின்னுதான் ஈனுச்சா?" பொடி மூட்டையையும் சாக்கடையில் கொட்டிவிட்டார். அவருக்குப் பயந்து நான் மறுபடி பொடி வாங்கவில்லை. அது என் தப்பு.

நாலு மாதம் கழித்து, காலையில் பட்டியைத் திறந்தால் வயிறு பெருத்த ஆடு ஒன்று விழுந்து கிடந்தது. கழுத்து விலாப்பக்கம் மடங்கி, கால்கள் நடுங்கின. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "கால்சியம் பத்தாம விழுந்திருக்கும். இதோ வர்றேன்" என்றார்.

அதற்குள் அண்ணன் கத்தியோடு வந்துவிட்டார். "உசுரு போறதுக்குள்ள அறுத்தாத்தான் கறிக்காவும். தள்ளு."

"டாக்டர் வர்றாங்க மாமா, கொஞ்சம் பொறுங்க."

என் முடியைப் பிடித்து இழுத்தார். நான் ஆட்டின் மேல் விழுந்து கட்டிக்கொண்டேன். விலாவில் உதை விழுந்தது, ஒன்றல்ல, நாலைந்து. கத்தியைத் தடுத்தபோது முன்கை கிழிந்து ரத்தம் கம்பளி மயிரில் வழிந்தது. அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்த பிறகும் விடவில்லை. கத்தி விழுந்தது. பட்டிக் கம்பைப் பிடுங்கி முழங்காலில் அடித்தேன். அலறிக்கொண்டு சாய்ந்தார்.

"எழுந்தீங்கன்னா அடுத்தது மண்டையில."

எழுந்திருந்தால் அடித்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பயம்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். ரத்தமாக நின்ற என்னையும் தரையில் கிடந்தவரையும் பார்த்தார். என் கையில் ஒரு துணியை இறுகக் கட்டிவிட்டு, ஆட்டின் கழுத்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஆடு ஏப்பம் விட்டது, புழுக்கை போட்டது, தள்ளாடி எழுந்து நின்றது.

"குட்டிங்க எலும்புக்கு வேண்டியதெல்லாம் இவ ஒடம்புல இருந்துதான் போவுது. திங்கக் குடுக்கலன்னா விழாம என்ன பண்ணுவா?" என்றார்.

வூட்டுக்காரர் வந்ததும் ஆடுகளைப் பிரித்துக்கொண்டோம். அந்த ஆடு என் பங்கில் வந்து இரண்டு குட்டி போட்டது. ஒன்று அன்றைக்கே செத்தது. மற்றதற்குச் சீம்பால் பீய்ச்சியபோது விரலில் பசை மாதிரி ஒட்டியது. புதுசாகப் பொடி வாங்கி வைக்க வைக்க மற்ற ஆடுகளுக்கும் பால் கெட்டிப்பட்டது.

இந்த வருஷம் அண்ணன் பெண்டாட்டி வேலியோரம் வந்து பொடியின் பேரைக் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அவர் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.