நாடியில் ஒரு பருக்கை

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், மடு மாதா கோயில் திருவிழாவில் நடந்தது இது. வருடாவருடம் நாங்கள் குடும்பமாகப் போய்க் கோயிலைச் சுற்றியுள்ள காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குவோம். ஊர் ஆட்களும் பக்கத்துப் பக்கத்திலே அடிப்பார்கள். அந்த வருடம் மட்டும் எனக்குப் போக மனமே இல்லை. என்னுடைய புது முகத்தோடு நான் போன முதல் திருவிழா அது.

பழைய முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வளர வளர என் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னுக்கு வந்துவிட்டது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. பாண் ரொட்டியைக் கடித்து இழுக்க முடியாது, கையால் பிய்த்துத்தான் தின்ன வேண்டும். எங்கள் ஊர் தாழ்வுபாடு, மீன்பிடிக்கிற ஊர். அங்கே கோயில் பதிவேட்டில் இருக்கிற பெயர் பதிவேட்டோடு சரி. ஊர் வைக்கிற பட்டம்தான் நிலைக்கும். சீலா மீனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் கீழ்த்தாடை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது அண்ணாவின் கூட்டாளி ஒருவர், வலையிலிருந்து ஒரு சீலாவைக் கழற்றி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த நாளே நான் ஊருக்குச் சீலாவாகிவிட்டேன்.

அந்தப் பெயரை நான் வெறுத்தேன். எத்தனையோ நாள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதிருக்கிறேன். படம் எடுக்கும்போதெல்லாம் ஆட்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவேன்.

இருபத்தாறு வயதில், சாப்பிடவே கஷ்டமாகிவிட்டது என்று மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் வைத்தியர் பார்த்துவிட்டு, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து தாடையைச் சரிப்படுத்தலாம் என்றார். பட்டமும் அதோடு தொலையும் என்று உடனே சம்மதித்தேன். இரண்டு வருடம் பல்லுக்குக் கம்பி. பிறகு ஒரு மாசி மாதம் சத்திரசிகிச்சை. கொழும்பில் சின்னம்மா வீட்டில் இருந்து மூன்று மாதம் கஞ்சியும் வடிகட்டிய கூழுமாகக் காலம் தள்ளினேன். வீக்கம் வடிய வடியக் கண்ணாடியில் வேறு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வடிவான பெண்தான். ஆனால் அவளோடு எனக்குப் பழக்கம் இல்லை.

ஊர் திரும்பிய அன்று மன்னார் பஸ் நிலையத்தில் தெரிந்த முகங்கள் எத்தனையோ என்னைத் தாண்டிப் போயின. அங்கே படுத்திருந்த கழுதைகள்தான் என்னை முன்னைப்போலவே பார்த்தன, அதாவது பார்க்கவே இல்லை. வீட்டு வாசலில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, விலகி நின்று ஒரு தரம் பார்த்தா. "வடிவாத்தான் இருக்கு" என்றா. அந்த ‘தான்’ எனக்குள் போய்க் குத்தியது.

அண்ணாவின் மகள் அலறிக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பிறந்ததில் இருந்து என் பக்கத்தில் படுத்தவள். நித்திரை வந்தால் என் நாடியை, அந்த நீண்ட மோவாயைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள். ஊர் பகிடி பண்ணின தாடை அவளுக்குக் கைப்பிடி. நான் வந்த பிறகு அவள் தாயோடு படுத்தாள். பகலில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று என் குரலைக் கேட்பாள். நான் எட்டிப் பார்த்தால் ஓடிவிடுவாள்.

ஊர்க்காரர் ஒருவரும் என்னைச் சீலா என்று கூப்பிடவில்லை. வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ‘நீ’ என்று கதைத்தவர்கள் ‘நீங்கள்’ என்றார்கள். நான் வந்தால் கதை நின்றுவிடும். அண்ணாவின் அந்தக் கூட்டாளி என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கத்தால் போவார். நான் வேலை செய்கிற புடவைக்கடைக்கு வந்த ஒரு அம்மா, "முந்தி இதில நிண்ட பிள்ளை எங்க, கலியாணம் கட்டிட்டாவோ?" என்று என்னிடமே கேட்டா. விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். "ஓம்" என்றேன். "நல்லா இருக்கட்டும், தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனா. அன்று பின்னால் உள்ள சாமான் அறைக்குள் போய் நின்று, அந்தத் தங்கமான பிள்ளைக்காக நானே அழுதேன்.

இன்னொன்றும் இருந்தது. சத்திரசிகிச்சையில் நரம்பு பாதிக்கப்பட்டு என் நாடி மரத்துப்போயிருந்தது. சாப்பாடு ஒட்டினாலும் தெரியாது, வழிந்தாலும் தெரியாது. ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லாரோடும் நின்று கதைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாடியில் குழம்பு காய்ந்துபோய் இருந்தது. அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் வாய் திறக்கவில்லை. பழைய சீலாவாக இருந்தால் பந்தியின் அந்தக் கரையில் இருந்தே கத்தியிருப்பார்கள். எனக்கு மரியாதை கிடைத்தது, ஆட்கள் இல்லாமல் போய்விட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மடுத் திருவிழா வந்தது. காலைப் பூசை முடிந்ததும் மருமகளைக் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். பிள்ளையை எப்படியாவது என் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்ற ஆசை. பலூன் வாங்கித் தருவதாகச் சொன்னதால் அவள் என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

ஒரு காப்புக்கடையில் நின்றோம். அங்கே ஒரு கண்ணாடி தொங்கியது. அதற்குள் ஒரு பெண் என்னைப் பார்த்தாள். ஆர் இது என்று நினைத்து, பிறகு நான்தான் என்று விளங்கி, அப்படியே நின்றுவிட்டேன். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். நாடியைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரலுக்குத் தெரிந்தது, நாடிக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையைக் கீழே விட்டபோது பிடிக்க விரல் இல்லை.

அந்தச் சனத்துக்குள் நான் ஓடிய ஓட்டம் மாதாவுக்குத்தான் தெரியும். என் கைத்தொலைபேசி காலையிலேயே சார்ஜ் இறங்கிச் செத்துப்போயிருந்தது. காணாமற்போவது எப்படி இருக்கும் என்று, யுத்தத்தில் ஆட்களைத் தொலைத்த எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. என் முகத்தைப் பார்க்கப் போய்ப் பிள்ளையைத் தொலைத்துவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை அறிவித்தல் கூடத்தில் இருக்கிறது, உரியவர்கள் வரவும்.

போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பிஸ்கட்டோடு இருந்தாள். நான் அழுதுகொண்டு கையை நீட்டினேன். புது முகம் அழுததை அவள் அதுவரை கண்டதில்லை. வெருண்டுபோய் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைக்கோடு இருந்த தொண்டர் ஒரு நடுத்தர வயதுக்காரர். பிள்ளையிடம் குனிந்து, "இவ ஆர், தெரியுமோ?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள், தெரியாது என்று.

"ஆரோட வந்தனீங்கள்?"

"மாமியோட."

"மாமி எங்க?"

"காணேல்லை."

அவளுடைய மாமி நான்தான். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். தொண்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார். அதில் இருந்தது பழைய முகம். ஒப்பரேசன் செய்த கதையை அழுகையோடு சொன்னேன். அதை எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. சுற்றிவர நின்ற ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. பிள்ளை தெரியாது எண்டுது, நான் எப்பிடித் தாறது?" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அண்ணாவின் முழுப்பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அந்தப் பெயரில் ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள், அண்ணாவை அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி ஒருவர்தான். பட்டத்தை மைக்கில் சொல்லலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கால்மணி நேரம் போயிற்று, பிள்ளையை அங்கே விட்டுவிட்டுக் கூடாரத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. சந்தேகப்பட்ட ஒரு பெண், பொலிசுக்குச் சொல்லுங்கோ என்று முணுமுணுத்தா.

தொண்டர் பிள்ளையிடம் இன்னொரு தரம் குனிந்தார். "மாமியின்ர பேர் என்ன, குஞ்சு?"

"சீலா மாமி."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடையாள அட்டையில் அந்தப் பெயர் இல்லை.

எந்தப் பெயரைத் தொலைக்க வேண்டும் என்று எலும்பை வெட்டக் கொடுத்தேனோ, அதை இத்தனை ஆயிரம் சனத்துக்கு முன்னால் என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை அந்தக் கதிரையில் இருந்து, என்னைத் தாண்டி, சனத்துக்குள் என்னையே தேடிக்கொண்டிருந்தாள். "அது என்ர பட்டம்தான்" என்றேன். "மைக்கில அதையே சொல்லுங்கோ."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனிதரை அழைக்கிற தோரணையில் சொன்னார்: "தாழ்வுபாட்டுச் சீலாவைத் தெரிந்தவர்கள் உடனடியாக அறிவித்தல் கூடத்துக்கு வரவும்."

காடு முழுக்க அது கேட்டது. ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஆறேழு பேர் ஓடி வந்தார்கள். முதலாவதாக, குளித்த ஈரச் சாரத்தோடு மூச்சு வாங்க வந்து நின்றவர் அண்ணாவின் அந்தக் கூட்டாளி.

"இவவைத் தெரியுமோ?" என்று தொண்டர் கேட்டார்.

"தெரியுமோவோ? பேர் வைச்சதே நான்தானே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.  ஆரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு வர, வழி நெடுகத் திட்டினேன். இவ்வளவு மாதமும் எல்லாரும் வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "குறை நினைக்காத தங்கச்சி. பழைய பேரைச் சொன்னா நோகும், புதுசா என்னண்டு கூப்பிடுறது எண்டும் தெரியேல்லை. அதுதான் கதைக்காமலே விட்டிட்டம்."

என்னை விலக்கி வைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வழி தெரியாமல் நின்றிருக்கிறார்கள். நானும் ஒரு சொல் கேட்டதில்லை.

கூடாரத்தில் அண்ணியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், கண்ணாடியையும் சேர்த்து. அண்ணி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி இருந்தா. அதுவும் நியாயம்தான். பிறகு எனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுத் தந்தா. அண்ணாவின் கூட்டாளியும் எங்களோடு இருந்து சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சீலா, நாடியில சோறு நிக்குது" என்றார்.

அம்மா அவரை முறைத்தா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை உயர்த்துவதற்குள் மருமகள் தாயின் மடியில் இருந்து இறங்கி வந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். பருக்கையைக் கையால் தட்டிவிட்டாள். பிறகு கையை எடுக்காமல், முன்னைப்போல ஒரு பிடி அங்கே இருக்கிறதா என்று தேடுவதுபோல, என் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, கைச் சூடும் தெரியவில்லை, பிடியும் தெரியவில்லை. அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்தியபோதுதான், பிள்ளையின் கை அங்கே இருப்பதைக் கண்டேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், அன்று நடந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. ஊரில் பாதிப் பேர் என்னைச் சீலா என்கிறார்கள். மீதிப் பேர் இன்னும் ‘நீங்கள்’தான். தனிமை முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நாடியில் ஒரு பக்கம் உணர்ச்சி திரும்பிவிட்டது, மற்றப் பக்கம் இனித் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு ஒருவரும் இல்லை என்று மனம் சோர்கிற நாட்களில், அப்படித்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் அன்று போல ஒரு தரம் கண்ணைத் தாழ்த்திப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியாமலே ஒரு கை அங்கே இருக்கக்கூடும்.