மூடியில் வைத்த சந்தனம்

தேங்காய்த்திட்டிலிருந்து என்னைக் கடலுக்குக் கூட்டிப்போன படகுக்காரர் குட்டையான மனிதர். முகம் நிறைய நரைத்த தாடி. இன்ஜினைக் கிளப்பும் முன் எண்ணெய் டேங்கின் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. மூடியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்.

கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் திணறி நின்றுவிட்டது. கயிற்றை எத்தனை முறை இழுத்தும் கிளம்பவில்லை. அலை எங்களைக் கரையோரப் பாறாங்கற்கள் பக்கம் தள்ளியது. அவர் மூடியைத் திருகினார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. சிரித்துவிட்டார்.

“காத்துப் போற ஓட்டை மேலயே சந்தனத்த அப்பிட்டேன் சார். உள்ள காத்து போனாத்தானே எண்ணெ வெளிய வரும்?”

அரைஞாண் கயிற்றில் தொங்கிய ஊக்கால் ஓட்டையைக் குத்தி எடுத்தார்.

“இனிமே பொட்டு வைக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“வைக்காம எப்டி சார்? சாமி கொஞ்சம் தள்ளி ஒக்காந்துக்கும்.”

ஊக்கில் ஒட்டிய சந்தனத்தை வழித்து, ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி வைத்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். இன்ஜின் கிளம்பிவிட்டது, கற்களை விட்டு விலகினோம்.

எனக்குச் சாமி கும்பிடும் வழக்கம் கிடையாது. படகை விட்டு இறங்கும்போது அந்த மூடியை ஏன் தொட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.